பொறுப்பாளர் இருக்கிறார்

கடைசி ஆய்வகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு செரிக்கக்கூட இல்லை. கீழ்த்தளம். சன்னல்கள் கூரையை ஒட்டி இருந்தன. அவற்றின் வழியே, வெளியே நடந்து போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. பாதுகாப்பு ஆய்வுக்குழு மறுநாள் வருகிறது. வருடம் முழுக்க எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்க நாதியில்லை. ஆய்வு என்றதும் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று பாதுகாப்பின் மேல் பாசம் பொங்கும். பொங்கி வழிவதைத் துடைக்க நாங்கள் இரண்டு பேர்.

எனக்கு அலுத்துவிட்டது. சட்டையில், தலைமுடியில், சாப்பிடுகிற கையில் எல்லாம் ரசாயன வாடை. வீட்டில் மனைவி நிறைமாதமாக இருந்தாள். குழந்தை பிறப்பதற்குள் இந்த வாடையிலிருந்து தப்பித்துவிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்த அறையின் கணக்கை முடித்தால் நூலகத்துக்கு மாற்றல் என்று பதிவாளர் வாக்குக் கொடுத்திருந்தார். புத்தகத்தைத் திறந்தால் வெடிக்காது.

கூட வந்தவர் ஸ்டிக்கர் அக்கா. பாட்டில்களில் பார்கோடு ஒட்டுவது அவர் வேலை; தன் முழங்காலைத் திட்டுவது உபதொழில்.

"இது பெரியம்மா ரூம்ப்பா," என்றார் கதவைத் திறந்துகொண்டே. "அந்த நாற்காலியிலதான் போனாங்க. மத்தியானம் கண் அசந்துட்டாங்கன்னு நெனச்சு, பசங்க சத்தம் போடாம சாயங்காலம் வரைக்கும் வேலை பாத்திருக்காங்க."

பெரியம்மா என்பது இந்த ஆய்வகத்தின் தலைவிக்கு மாணவர்கள் வைத்த பெயர். அவர் இறந்து ஒரு வருடமாகியும் இங்கிருந்த பாட்டில்கள் அத்தனைக்கும் பொறுப்பாளர் அவர்தான். பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை. சம்பந்தமில்லாத விருந்துக்குப் போக மட்டும் எல்லோருக்கும் நேரமிருக்கும்.

எங்கள் முறை எளிது. நான் லேப்டாப்பில் பட்டியலைப் படிப்பேன். அக்கா அலமாரிகளுக்கு நடுவில் நின்று பாட்டிலைக் கண்டுபிடித்து "இருக்கு" என்பார், அல்லது "இல்ல" என்பார். நான் ஒரு தட்டு தட்டுவேன்.

"அசிட்டோன், பெரிய பாட்டில்."

"இருக்கு."

"டொலுவின்."

"இருக்கு."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்துக்கொண்டே போனேன். படிக்கப் படிக்கத் தூக்கம் வந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்த குரலும் தூங்கி வழிந்தது. எங்கிருந்தோ மெல்லிய இனிப்பு வாடை ஒன்று வரத் தொடங்கியிருந்தது.

"ஈதர், பழுப்பு பாட்டில்."



"இருக்கு. தொடாதே."

என்ன இவ்வளவு கடுகடுப்பு, முழங்கால் படுத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பின்னால் அறைக் கதவு திறந்தது.

ஸ்டிக்கர் அக்கா, கையில் புது ஸ்டிக்கர் சுருளோடு.

"யாருக்குப்பா படிச்சுக் காட்டிக்கிட்டிருக்கே?"

"நீங்க... உள்ளதானே நின்னீங்க?"

"ஸ்டிக்கர் தீந்துபோச்சு, மேல போறேன்னு சொன்னேனே. நீயும் தலையாட்டினியே."

பயந்துவிட்டேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

இருவரும் சேர்ந்தே போய்ப் பார்த்தோம். அலமாரிகளுக்கு நடுவில் யாருமில்லை. கீழ்த்தட்டின் மூலையில் அந்த ஈதர் பாட்டில் இருந்தது. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிகம் பூத்திருந்தது. பழைய ஈதர் அப்படிப் பூத்துவிட்டால் சும்மா அசைத்தாலே வெடிக்கும், கையும் முகமும் மிஞ்சாது. அக்காவோ எந்த பாட்டிலையும் கையில் தூக்கித் திருப்பிப் பார்த்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டுவார்.

"இங்கேருந்து ஒரு குரல் தொடாதேன்னு சொல்லிச்சு," என்றேன்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்கதான். செத்தும் வேலை பாக்குறாங்க பாரு. எல்லாம் அவங்க பேர்ல இருக்குற வரைக்கும் எங்க போவாங்க? மாத்தி விடுப்பா. பாவம், தூங்கட்டும்."

கழிவு அகற்றும் குழுவுக்கு போன் செய்துவிட்டு லேப்டாப்பில் பொறுப்பாளர் கட்டத்தைத் திறந்தேன். எதையும் மாற்றுவதற்கு முன் உரக்கப் படித்துக்கொள்வது எங்கள் பழக்கம். பழக்கதோஷத்தில் அவருடைய பெயரைப் படித்துவிட்டேன்.

"இருக்கேன்."

என் தோளுக்குப் பக்கத்தில்.

அந்தப் பெயரை எடுத்துவிட்டுத் துறையின் பெயரைப் போட்டேன். பக்கத்திலிருந்த அந்த நாற்காலி கிரீச்சிட்டது. நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் கையை ஊன்றி எழுந்திருக்கும் சத்தம். ஒரு பெருமூச்சு. இனிப்பு வாடை என்னைத் தாண்டிக் கதவுப் பக்கம் நகர்ந்தது.

"அப்போ, நான் வரட்டுமா?"

அந்தக் குரலில்தான் எத்தனை களைப்பு. அக்காவைக் காப்பாற்றிய குரல். வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும் பெரியவர்களுக்குச் சொல்வதுபோல, யோசிக்காமல், எழுந்து நின்று சொன்னேன்.

"வாங்கம்மா."

வாடை சற்று நின்றது.

அக்கா என் கையில் நறுக்கென்று கிள்ளினார். "அடப்பாவி, என்ன சொன்னே? போங்கன்னு சொல்லியிருக்கணும்டா!"

"கிளம்புறவங்களைப் போங்கன்னு யாராவது சொல்வாங்களாக்கா?"

"அதெல்லாம் உயிரோட இருக்கறவங்களுக்கு. சும்மா போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே!"

கதவு திறந்து மூடியது. வாடையும் போய்விட்டது. இருவரும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். கழிவுக் குழு வந்து, ஈதர் பாட்டிலை மணல் பெட்டிக்குள் வைத்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் போனது. பதிவாளரும் சொன்ன சொல் தவறாமல் மாற்றல் ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

பேருந்தில் நல்ல கூட்டம். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது. நின்றவர்களில் ஒருவர்கூட அதில் உட்காரவில்லை. எனக்கிருந்த அசதியில் அதைப் பற்றி நினைக்கத் தோன்றவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விட்டேன். மனைவி வயிற்றைத் தாங்கியபடி கதவைத் திறந்தாள்.

"மாற்றல் கெடச்சிருச்சு," என்றேன்.

முகமெல்லாம் சிரிப்பாக விலகி வழிவிட்டாள். நான் உள்ளே போன பிறகும் விலகியே நின்றாள்.

"வாங்கம்மா," என்றாள் வாசலைப் பார்த்து. "ஏன் அங்கயே நின்னுட்டீங்க?" பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "யாருங்க இவங்க? கூட்டிட்டு வரேன்னு சொல்லவே இல்லையே."

வாசலில் யாருமில்லை.

"கதவைச் சாத்து," என்றேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அவள் நகரவில்லை. கதவு தானாக, மெதுவாகச் சாத்திக்கொண்டது.

எனக்குக் கேட்காத ஏதோ ஒரு கேள்விக்கு வெட்கப்பட்டுச் சிரித்து, வயிற்றைத் தடவிக்கொண்டு பதில் சொன்னாள் என் மனைவி.

"இந்த மாசம்தாம்மா."