கம்புச்சி அலறிய வாரம்

செவ்வாய்க்கிழமை மதியம், ஊரே கதவடைத்துத் தூங்கும் நேரத்தில், கம்புச்சி கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டிருந்தது.

எலியாக இருக்கும் என்றுதான் சுனில்டா முதலில் நினைத்தாள். பின்னறையின் மரச் சன்னல்கள் சாத்தியிருந்தன. இடுக்குகள் வழியாக நுழைந்த, பராகுவேயின் சாக்கோ பொட்டல்வெளி வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. ஆறு வருடமாக அவள் துணிமணியில் ஏறி ஊறிவிட்ட பாசி வாடைக்கும் மண்புழு வாடைக்கும் நடுவே, ஈர விரலால் தட்டைத் தேய்ப்பது போல, கீச்… கீச்… என்று அந்தச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மொத்தம் ஒன்பது தவளைத் தொட்டிகள். மூன்றாவதில் கம்புச்சி. இரண்டு கை சேர்த்து ஏந்தினாலும் வழியும் பெரிய பெட்டைத் தவளை. உருண்டு திரண்டிருந்ததால் தண்ணீர்ப் பானைக்குக் குவாரனி மொழியில் சொல்லும் பெயரையே அதற்கு வைத்துவிட்டாள். சேற்றுத் தவளை. கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நாள் முழுக்க அசையாமல் கிடக்கும் ஜாதி. அது இப்போது பின்னங்கால்களை உதைத்து எம்பி எம்பிக் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் தோல் உரிந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

தலைநகர் அசுன்சியோனிலிருந்து தவளை வாங்க வருபவர்களிடம் அவள் கறாராகச் சொல்வாள்: "கையில தூக்கிக் கொஞ்சக் கூடாது. உங்களுக்குத்தான் அது கொஞ்சல், அதுக்கு நரகம். தோல் கறுத்தாப் பயந்திருக்குன்னு அர்த்தம். தீனி எடுக்கலன்னாலும் அதேதான். மூக்கை உரசினா ஓட வழி தேடுது. வயித்தை உப்பிக்கிட்டு வாயைப் பொளந்துச்சுன்னா, தயவு பண்ணித் தள்ளிப் போயிடுங்க."

தண்ணீரை முகர்ந்தாள். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் ஊற்றியிருந்தாள். சூடும் சரியாகத்தான் இருந்தது. ரேடியோவின் அதிர்வாக இருக்குமோ என்று அதைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். ஒளிந்துகொள்ள இன்னொரு ஓடு வைத்தாள். கம்புச்சி உரசுவதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் மற்ற எட்டையும் பார்த்தாள். எட்டும் கறுத்திருந்தன. எட்டும் தத்தம் தொட்டியின் ஒரே மூலையில், படுக்கையறைச் சுவருக்கு எதிர்ப்பக்கத்து மூலையில், ஒடுங்கிக் கிடந்தன.

படுக்கையறையில் கத்தலீனோ இருந்தான். அவள் புருஷன். மாட்டுப் பண்ணையில் ஒரு மாத வேலை முடிந்து, முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தான். எப்போதும் குதிரையில், குடித்துவிட்டு, பாட்டோடும் ஒரு கூடை மாட்டு விலாவோடும் வந்து இறங்குகிறவன் இந்தத் தடவை நடந்து வந்தான். காலில் செருப்புகூட இல்லை. இடுப்பு வரை ஈரம். கேட்டதற்கு, "குட்டையில குளிச்சேன்" என்றான். இரண்டு மாதமாக மழையில்லை; வழியிலிருந்த குட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தது.

பயணக் களைப்பு என்று அவள் விட்டுவிட்டாள். மரவள்ளியும் கறியும் தட்டில் அப்படியே இருந்தன. பனிக்கட்டி போட்டு அவள் கலந்து நீட்டிய தெரெரே என்ற இலைப் பானத்தை அவன் ஏதோ வேற்றுப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தான். தெரெரே வேண்டாம் என்று சொன்ன பராகுவேக்காரனை அவள் அதுவரை கண்டதில்லை.

புதன்கிழமை காலையில் அவன் கட்டிலில் இல்லை. குளியலறையில், ஈர சிமென்ட் தரையில், குப்புறக் கிடந்தான். கன்னம் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. குறட்டை இல்லை. கண் திறந்தே இருந்தது.

"இங்க ஏன்யா படுத்திருக்க?"

"புழுக்கம்."

"கதவைத் திறந்து வெச்சுப் படுக்க வேண்டியதுதானே?"

அவன் தலையை மட்டும் திருப்பினான். அவளைப் பார்த்தான். வெகுநேரம் இமைக்காமல் பார்த்தான்.

அன்று இரண்டு குட்டித் தவளைகள் செத்துப் போயின. தாடை உடைந்திருந்தது. கண்ணாடியில் முட்டியே உடைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த மாதிரி அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். தொழில் புதிதில், விவரம் தெரியாமல், குட்டிகள் இருந்த தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தவளையை வைத்துவிட்டாள். நடுவில் வெறும் கண்ணாடி. இந்த ஜாதி தன் இனத்தையே தின்னும். வாய்க்குள் போகிற எதையும் தின்னும். பெரியது ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மூன்றே நாளில் குட்டிகள் தீனியை விட்டு, கறுத்து, மூக்கை உடைத்துக்கொண்டு செத்தன. நடுவில் ஒரு அட்டை வைத்திருந்தால் பிழைத்திருக்கும். தன்னைவிடப் பெரியது தன்னைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது இந்த அறையில் கம்புச்சியைவிடப் பெரியது எதுவும் இல்லை.

இருந்தாலும் பழைய செய்தித்தாள்களை எடுத்து எல்லாத் தொட்டிகளிலும் படுக்கையறைப் பக்கத்துக் கண்ணாடியை மறைத்து ஒட்டினாள். ஒட்டி முடித்து அரை மணி நேரத்தில் உரசல் நின்றது. தோல் வெளுக்கத் தொடங்கியது. மிச்சமிருந்த ஏழும் சேற்றில் இறங்கிப் படுத்தன.

அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. படுக்கையறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி, உன் பிள்ளைங்க என்ன சொல்லுதுங்க?"

அது அவன் வழக்கமாகச் செய்யும் கேலிதான். குரலும் அவனுடையதுதான். ஆனால் தொண்டைக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது போல இருந்தது. கதவருகே நின்றிருந்தான். அவன் மேலிருந்து சேற்று வாடை வந்தது. வெயிலில் வற்றிய குட்டையின் அடிச்சேறு.

கம்புச்சி அலறியது.

சேற்றுத் தவளை அலறுவதைக் கேட்டவர்கள் பிள்ளையை யாரோ அறுக்கிறார்கள் என்றுதான் ஓடி வருவார்கள். கால் நான்கையும் ஊன்றி, உடம்பை ஊதி, வாயைப் பிளந்து அது அலறியது. உடனே மற்ற ஆறும்.

"உள்ள வராதே கத்தலீனோ. பயப்படுதுங்க."

"என்னைக் கண்டா?" சிரித்தான். "என்னைக் கண்டு எதுக்கு பயம்?"

மூடியைத் தள்ளிக் கையை விட்டான். கம்புச்சி அவன் கட்டைவிரலைக் கவ்வியது. கீழ்த்தாடையின் இரண்டு பற்களும் நகத்துக்கு மேலே முழுதாக இறங்கின. அவன் முகம் சுளிக்கவில்லை, கையை இழுக்கவும் இல்லை. தொங்கிக்கொண்டிருந்த தவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். விரலிலிருந்து வழிந்தது ரத்தமில்லை, கலங்கல் தண்ணீர். பிறகு கையை வீசி அதைச் சுவரில் அடித்தான். ஒரு தடவை. அலறல் நிற்கவில்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவையில் நின்றது.

சுனில்டா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளுடைய தாடையைப் பிடித்தான். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி வெயில். அந்தக் கை கிணற்றுக் கல் போலச் சில்லென்று இருந்தது. அவள் பற்கள் நெரிந்தன, வாயில் ரத்தம் கரித்தது. அவளுடைய முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, தலையின் அகலத்தைப் பார்த்தான். கட்டைவிரலால் தோளை அளந்தான்.

"இப்ப வேணாம்" என்றான். விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனான்.

அவள் அன்று ஓடியிருக்க வேண்டும். தெருக்கோடி வரைகூடப் போனாள். மதிய வெயிலில் நாய்கூட இல்லை. யாரை எழுப்பி என்ன சொல்வது? என் புருஷன் என்னைப் பார்க்கிறான் என்றா? அறையில் இன்னும் ஆறு உயிர் இருந்தது. திரும்பி வந்தாள். இரவு பின்னறைக் கதவுக்கு அலமாரியை நகர்த்தி முட்டுக்கொடுத்து, தொட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு ஓடினாள். பண்ணை மேஸ்திரி சிந்துல்ஃபோ. ஆறடி உயரம், குதிரையோட்டியின் வளைந்த கால்கள், பூட்ஸில் குதிரையை முடுக்கும் முள் சக்கரம், இடுப்பில் கத்தி. தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, உக்காருங்க."

"என்ன விஷயம், சொல்லு."

"உக்காந்தாத்தான் சொல்லுவேன்." தொப்பியின் விளிம்பைத் திருகினான். "கத்தலீனோவை எட்டு நாளா காணோம். குதிரை மட்டும் திரும்பி வந்துச்சு. பண்ணையில வத்தாத பெரிய குட்டையைக் கலக்கித் தேடினோம். பூட்ஸ் ரெண்டும் சேத்துல நட்டுக்குத்தலா நின்னுச்சு. உள்ள காலுறை மாதிரி ஒண்ணு… காலுறை இல்ல அண்ணி. தோலு. முழுசா உரிச்ச தோலு."

அவள் குளியலறைப் பக்கம் கை காட்டினாள்.

"என்ன?"

"உள்ள இருக்கான். திங்கக்கிழமை வந்தான்."

சிந்துல்ஃபோவின் முகம் மாறியது. துக்கம் போய்க் கோபம் ஏறியது. "இங்கயா? அடப்பாவி! எட்டு நாள் சேத்துல முங்கி முங்கி எனக்கு மூக்குல நண்டு புகுந்திருச்சு, இவன் பொண்டாட்டி மடியில தூங்குறானா? டேய் கத்தலீனோ! வெளிய வாடா சோம்பேறி!"

"போகாதே. சிந்துல்ஃபோ, அது அவன் இல்ல. சொன்னாக் கேளு, போகாதே."

"குடிச்சிருக்கானா? தெளிய வெக்கிறேன் விடுங்க."

நடையில் முள் சக்கரங்கள் கிணுகிணுத்துக்கொண்டு போயின. குளியலறைக் கதவு திறந்தது.

"என்னடா இது, தரையில…"

பின்னறையில் ஆறு தவளைகளும் ஒரே நேரத்தில் அலறின.

அந்த அலறலுக்குள் இன்னொரு அலறல் கேட்டது. ஆண்குரல். பாதியில் அமுங்கிப் போனது. சதை ஈரத் தரையில் அறைபடும் சத்தம். எலும்பு. மறுபடி எலும்பு. கத்தி தரையில் விழுந்து சறுக்கியது.

பிறகு தவளைகள் ஓய்ந்தன. மொத்தமாக.

முற்றத்தில் புல்வெட்டும் அரிவாள் சாத்தியிருந்தது. எடுத்தாள். போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. நடையில் தண்ணீர். கலங்கல் தண்ணீர். கால் வழுக்கியது.

குளியலறை.

கத்தலீனோ தரையில் குந்தியிருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகு உப்பியிருந்தது. சட்டை கிழிந்து தொங்கியது. அவள் வெட்டினாள். தோள்பட்டையில், பலங்கொண்ட மட்டும். அரிவாள் சேற்றில் இறங்குவது போல இறங்கி, அங்கேயே நின்றது. தண்ணீர் பீறிட்டது. பிடி அவள் கையை விட்டு நழுவியது.

அவன் மெதுவாகத் திரும்பினான்.

தாடை மார்பு வரை இறங்கியிருந்தது. வாய்க்கு வெளியே இரண்டு கால்கள். வளைந்த கால்கள். இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. தலையிலிருந்து முழங்கால் வரை உள்ளே போயிருந்தது. கத்தலீனோ இரண்டு உள்ளங்கைகளாலும் பூட்ஸைப் பிடித்து, பொறுமையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

தவளைக்கு இரையை விழுங்கத் தொண்டை மட்டும் போதாது. கண்களையே உள்ளே அழுத்தி, அந்த அழுத்தத்தில்தான் இரையைக் கீழே இறக்கும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

அவன் கண்கள் தலைக்குள் இறங்கின. இரண்டு குழிகள்.

வெளியே வந்தன. அவளைப் பார்த்தன.

மறுபடி இறங்கின. பூட்ஸ் உள்ளே போனது. உதட்டோரத்தில் முள் சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.