அம்மாவின் ரேடியோ எங்கே?

வீட்டில் அவளைப் ‘போலீஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பிஸ்கட் குறைந்தாலும் எல்லோர் வாயையும் மோந்து பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அன்று பள்ளியிலிருந்து வந்ததுமே அவளுக்கு மூக்கில் வியர்த்தது. அம்மாவின் தையல் மெஷின் இரண்டு மிதி ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, நின்றது.

ரேடியோவில் துள்ளல் பாட்டு வந்தால் அம்மா நீளத் தையலை ஓட்டுவார். மெல்லிய பாட்டு வந்தால் காலரை வளைத்துத் தைப்பார். இன்று பாட்டே இல்லை.

“ரேடியோ எங்கேம்மா?”

“குளிச்சிட்டு வந்து பார்த்தா காணோம். இந்தக் கூத்தைப் பாரு!”

அம்மா ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார். கை வெளியே வரும் வாயையே மூடித் தைத்திருந்தார்.

“காலையில கடைக்காரர் வந்து நிப்பார். சட்டை முடியலைன்னா அடுத்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்.” அம்மா தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

போலீஸ் வாசலுக்கு ஓடினாள். மாடிவீட்டு டிரைவர் பெரிய பையோடு இறங்கி வந்தார். ஆகா!

“பையில என்ன மாமா?”

“அழுக்குத் துணி. துவைச்சுத் தர்றியா?”

போலீஸ் மெல்லக் கழன்றுகொண்டாள்.

அடுத்தது அண்ணன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பாப்பா ஒரு வாரமாக விடாமல் அழுததால் எப்போதும் காதில் பஞ்சோடு இருப்பான். இன்று பஞ்சைக் காணோம். போதாததற்கு, தானாகவே ஒரு பிஸ்கட்டை நீட்டினான்.

எங்கேயோ இடித்தது. பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு சுவரில் காதை வைத்தாள். அழுகை இல்லை. மெல்லிய பாட்டுச் சத்தம்!

ஓடிப்போய்த் தட்டியதும் பக்கத்து வீட்டு அக்கா உதட்டில் விரலை வைத்தபடி கதவைத் திறந்தார். உள்ளே பாப்பா தூங்கியது. தொட்டிலுக்குக் கீழே அம்மாவின் ரேடியோ!

“உங்கம்மாவுக்குத் தங்கமான மனசு. பாப்பா தூங்கட்டும்னு உங்கண்ணன்கிட்ட கொடுத்து விட்டாங்களே! இன்னிக்குத்தான் நிம்மதியா சாப்பிட்டேன்.”

அடப்பாவி அண்ணா! ரேடியோவைப் பிடுங்கக் கை துறுதுறுத்தது. ஆனால் அக்காவின் கண்கள் சிவந்து கிடந்தன. போலீஸ் தலையைச் சொறிந்தாள்.

“அக்கா, ரேடியோவோட பாப்பாவையும் எங்க வீட்டுக்கே தூக்கிட்டு வாங்களேன். அம்மாவுக்கும் பாட்டு இல்லாம கால் ஓடலை.”

சிறிது நேரத்தில் மெஷின் தடதடவென்று ஓடியது. பாப்பா துணிக்கூடையில் தூங்கியது. அக்கா பட்டன் தைத்தார். அண்ணன் அசடு வழிய வந்து நின்றான்.

“அழுகையில ஒரு வரி ஏறலைம்மா. நீ கொடுத்ததா பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடு.”

“வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல?” என்று அம்மா முறைத்தபோதே ரேடியோ கரகரத்து அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. மெஷின் நின்றது. பாப்பா சிணுங்கியது.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

“பாடு!” என்றாள் போலீஸ்.

“எனக்குப் பாட்டே தெரியாதே!”

“தெரிஞ்சதைப் பாடு.”

அவனுக்குத் தெரிந்தது பரீட்சைக்குப் படித்த எரிமலைப் பாடம்தான். அதையே ராகம் போட்டு இழுத்தான். அம்மாவின் கால் அசைந்தது. பாப்பாவின் கண் சொக்கியது.

கடைசிச் சட்டை முடிந்தபோது எரிமலைப் பாடம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் போலீஸுக்கும்கூட மனப்பாடம் ஆகியிருந்தது. பாப்பாவை மட்டும் யாரும் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.