மத்தேயோ பேசிய தமிழ்

மத்தேயோ இத்தாலியிலிருந்து ஆம்பூர் வந்து இறங்கிய அன்று, தோல் கம்பெனியின் பழைய கெஸ்ட் ஹவுஸை அவருக்குத் திறந்துவிட்டது நான்தான். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தொழிலாளிகளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. தோல் வாடைக்குக் கம்பெனி வாசலிலேயே முகம் சுளித்தார். பத்தே நாளில் பழகிவிட்டது. பிரியாணியோடு வரும் கத்திரிக்காயைக்கூட வழித்துச் சாப்பிட்டார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஒன்றைத் தவிர.

தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மரப் பீப்பாயை நாங்கள் டிரம் என்போம். சுத்தம் செய்ய உள்ளே இறங்குகிறவர் தன் துண்டைச் சுவிட்ச் மேல் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். துண்டு கிடக்கிறவரை முதலாளியே வந்தாலும் சுவிட்சைத் தொடமாட்டார். இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதுதான் எங்களுக்கெல்லாம் தெரியுமே!

மத்தேயோவுக்குத் தெரியாது. டிரம்மின் வாய் மறுபக்கம் இருந்தது. அழுக்குத் துண்டு இங்கே எதற்கு என்று எடுத்து மடித்து வைத்தார். சுவிட்சைப் போட்டார்.

உள்ளே கன்னியப்பன் இருந்தார்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மத்தேயோ அழுதுகொண்டே உண்மையைத்தான் சொன்னார். நான்தான் தமிழில் மாற்றி எழுதினேன். துண்டு இல்லை, கன்னியப்பன் குடித்திருந்தார் என்று. மேனேஜர் அப்படி எழுதச் சொன்னார்; எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன் கன்னியப்பன். அவர் மனைவி கோவிந்தம்மாளைத் தெருவே குடிகாரன் பொண்டாட்டி என்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதியதை மாற்றவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மத்தேயோ மாறினார். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார். டீயை இரண்டு கிளாஸில் மாற்றி மாற்றி ஆற்றினார்.

"வெள்ளைக்காரரு நம்ம ஆளா ஆயிட்டாரு," என்று மேனேஜர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னியப்பனும் அப்படித்தான் இடது கையால் ஆற்றுவார்.

ஒரு மதியம் கையெழுத்து வாங்கக் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். கரண்ட் இல்லை. கூடம் முழுக்க, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பின் நெடி. மத்தேயோ முதுகைக் காட்டி நின்றிருந்தார். எங்கோ மரம் உருளும் சத்தம், மெதுவாக. கம்பெனி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்.

"சார்?"

"இன்னாம்மா ஜெனிஃபா."

அது கன்னியப்பன் குரல்.

"துண்டு போட்டுட்டுதான எறங்குனேன். இல்லன்னு ஏன் எழுதுன?"

"மேனேஜர் சொன்னாரு..."

"நான் குடிச்சனா?"

"இல்லண்ணா."

"அப்ப அத எழுதிக் குடு. அதுவரைக்கும் இவன வுடமாட்டேன்."

திரும்பினார்.

முகம் மத்தேயோவுடையதுதான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதடுகள் மட்டும் சத்தமில்லாமல், ஆங்கிலத்தில், காப்பாற்று காப்பாற்று என்று அசைந்தன.

வீட்டுக்கு ஓடி வந்து நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பும்போது மேனேஜர் போன் செய்தார். மத்தேயோவுக்கு உடம்பு சரியில்லையாம், ஊருக்கே அனுப்பிவிடுகிறார்களாம். கார் சென்னைக்குக் கிளம்பிவிட்டதாம்.

அப்பாடா என்றிருந்தது. அவர் போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் காகிதத்தைச் சுக்கலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பள்ளிகொண்டா தாண்டும்போது மத்தேயோ பின்சீட்டில் செத்துக் கிடந்ததை டிரைவர் பார்த்தார். தோலில் ஒரு கீறல் இல்லை. உள்ளே ஒரு எலும்புகூட முழுசாக இல்லை என்றார் டாக்டர்.

மூன்று வாரம் கழித்து அவர் இடத்துக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு பெண் வந்தாள். கார் கதவைத் திறந்து, ஆங்கிலத்தில் வரவேற்றுக் கை நீட்டினேன். சிரித்தபடி இறங்கி என் கையைப் பிடித்தாள்.

விடவில்லை.

"கிழிச்சிப் போட்டுட்ட இல்ல?" என்றாள், கன்னியப்பன் குரலில்.