பனி வேகவைக்காத மீன்

கோடரியின் பின்பக்கம் மீன்மேல் விழுந்த சத்தம் சரியில்லை. வாசலில் கட்டைமேல் கிடத்தி புரோக்கோப்பி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் உறைந்த தோல் சில்லுச் சில்லாகத் தெறித்து, அந்தச் சடசடப்பு கதவைத் தாண்டி வீட்டுக்குள் வர வேண்டும். இரும்படுப்பின் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெலகேயாவின் காதில் விழுந்ததோ ஈரத்துணியைக் கல்லில் துவைக்கிற தொப் தொப் சத்தம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதுமே இருட்டிவிட்டது. மரப்புகையோடும் ஈரத் தோலுடுப்புகளின் நாற்றத்தோடும் இப்போது கதவிடுக்கு வழியே ஆற்றுச் சேற்று வாடையும் சேர்ந்து வந்தது. நன்றாக உறைந்த மீனுக்கு வாடையே கிடையாது.

அந்த வருஷம் குளிருக்கே சோம்பல் பிடித்திருந்தது. ஓப் ஆற்றின்மேல் பனிக்கட்டி மூடியிருந்தாலும் அடியில் தண்ணீர் முனகிக்கொண்டே இருந்தது.

குழந்தை ஆர்கிப்புக்கு முதல் பல் முளைத்திருந்தது. பல் முளைத்த பிள்ளைக்கு அப்பன் தன் கையால் கூர்வாய் மீனின் பச்சைச் சினையைச் சப்பக் கொடுக்க வேண்டும். அந்த மீனில் பெண்பிள்ளை கத்தி வைக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிளந்து பார்க்கிற உரிமை அவளுக்கில்லை. பெற்றுக் கொடுக்கிற உரிமை மட்டும் தாராளமாக உண்டு.

புரோக்கோப்பி மீனோடு உள்ளே வந்தான்.

"என்னங்க, இன்னும் ரெண்டு மூணு நாள் வெளியிலேயே கிடக்கட்டுமே. குளிர் ஏறட்டும்."

"முந்தாநாள் பிடிச்சது. பனி நல்லா வேகவெச்சிருக்கும். நமக்கு அதைவிடப் பெரிய அடுப்பு எது?"

"வேகலைங்க. சத்தத்தைக் கேட்டீங்கல்ல?"

அவன் தங்கை அன்ஃபிசா சிரித்தாள். "அண்ணிக்கு டவுன் ஆஸ்பத்திரியில மாத்திரை தின்னு தின்னு வயித்துல தைரியமே இல்லாமப் போச்சு. எங்க வீட்டுல எல்லாரும் இதைத் தின்னுதான் வளந்தோம். எங்கண்ணன் என்ன செத்தா போயிட்டான்?"

அவன் சாகவில்லை. நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தான், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினான். அதை யாரும் பேசுவதில்லை.

பெலகேயாவுக்குள்ளிருந்து போன வசந்தத்தில் ஒரு வெள்ளை நாடா வெளியே வந்தது. நர்ஸ் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பீங்கான் தட்டில் சுருண்டு விழுந்தபிறகும் அசைந்தது. புழுவின் தலை வரவில்லை என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். கடுங்குளிரில் நாள்கணக்கில் கிடந்தால் மீனுக்குள் இருக்கிற குஞ்சுப்புழு செத்துவிடுமாம். அரைக்குளிரில் தூங்கத்தான் செய்யுமாம். அன்றிலிருந்து படுத்தால் போதும், தொப்புளுக்குக் கீழே ஏதோ மெல்லப் புரண்டு இடம் மாற்றிக்கொள்வதுபோல் அவளுக்கு இருக்கும். பயத்தில்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. ஆனால் அது தன் பிள்ளைக்குள் போகக் கூடாது. அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

புரோக்கோப்பி வயிற்றைக் கிழித்தான். விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் சினை மஞ்சளாக மினுங்கியது. அன்ஃபிசா குழந்தையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.

பலகையிலிருந்து ஒரு சிறு கட்டியை பெலகேயா கைக்குள் மறைத்து எடுத்தாள். கத்தி வைத்தால்தானே குற்றம். அடுப்பின் மறுபக்கம் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளங்கையை நெருப்புக்கு நேரே நீட்டினாள். சினை இளகியது. விரலிடுக்கில் நீர் வழிந்தது. முட்டைகளுக்கு நடுவே அரிசிபோல ஒரு வெள்ளைத் துணுக்கு. கொழுப்பாக இருக்கலாம்.

கொழுப்புதான்.

கையில் சூடு ஏறியது. பின்னால் அன்ஃபிசா குழந்தைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அந்தத் துணுக்கு நீண்டது. சுருங்கியது. மறுபடி நீண்டது. நுனியைத் தூக்கி, சூடு எந்தப் பக்கம் என்று தேடியது. அவள் மணிக்கட்டைத் தேர்ந்தெடுத்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

உதறினாள். அடுப்பில் விழுந்து சுறீரென்றது.

"குடுக்காதீங்க! உசிரோட இருக்கு! அதெல்லாம் உசிரோட இருக்கு!"

"கத்தாதே, பிள்ளை பயப்படுவான்" என்றான் புரோக்கோப்பி. அவன் வாய் நிறைய இருந்தது. "சில்லுன்னு இருந்தா ஈறு கூசுமேன்னு என் வாயில அடக்கிச் சூடாக்கித்தான் குடுத்தேன். எவ்வளவு ஆசையா சப்புறான் பாரு."

அவள் பாய்ந்து போய்க் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டாள். அன்ஃபிசா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாயில போனதை வெளியே எடுக்காதே அண்ணி. ஆறு கோவிச்சுக்கும்."

நாக்கு. ஈறு. கன்னத்தின் உள்பக்கம்.

விரல் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. மெல்லியது. வெதுவெதுப்பானது. அவள் அழுத்தியதும் வழுக்கிப் பின்வாங்கி, தொண்டைப் பக்கம் நகர்ந்தது. தானாகவே நகர்ந்தது.

ஆர்கிப் விழுங்கினான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். இன்னும் வேண்டுமென்று அப்பாவை நோக்கி வாயைத் திறந்தான். புரோக்கோப்பி தன் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்ததை விரலால் வழித்தெடுத்தான். விரலில் அது அசைந்துகொண்டிருந்தது.