ரீச்சருக்குப் பதிலாக இருந்தவள்

குளித்து, உடுப்பு மாற்றி, கைகளை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் அருந்ததியின் மேலிருந்து ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் மணத்தது. அவள் அதை ஒருநாளும் வாங்கியதில்லை. படம் கீறுகிற வீட்டில் மண்ணெண்ணெயும் வர்ணமும் மணக்கலாம். இது வெண்கட்டித் தூளோடு கலந்து, ஐந்தாம் வகுப்பில் கொப்பிக்கு மேலே குனிந்து வந்த மணம், குணலட்சுமி ரீச்சரின் மணம். ரீச்சர் செத்து எட்டு மாதமாகிறது.

முன் விறாந்தையில் ரீச்சர் அரைவாசி முடிந்திருந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் மாட்டுவதற்காகப் பழைய மாணவிகள் கேட்ட படம். "ரீச்சர் உருவாக்கின பிள்ளை நீ, நீதான் கீற வேணும்" என்றார்கள். அருந்ததி பூரித்துப் போனாள். ரீச்சர் இல்லாவிட்டால் தான் சித்திர ஆசிரியையாக வந்திருக்கவே முடியாதென்று அளவெட்டி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள்.

கிடைத்ததோ அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். நகமளவு முகம், கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆகவே ரீச்சரின் தங்கை செல்வநாயகியிடம் போய் ரீச்சருடைய சாம்பல் நிறச் சேலையையும் மூக்குக்கண்ணாடியையும் கேட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் சேலையை உடுத்து, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, ரீச்சரைப் போலவே முதுகை நிமிர்த்தி இருந்து, பார்த்துப் பார்த்துக் கீறினாள். முதல் நாள் முதுகு நொந்தது. நான்காம் நாள் நோகவில்லை. பின்னர் குசினியில் தேங்காய் துருவும்போதும் அந்த முதுகு வளைய மறுத்தது. அதுவும் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மழை விட்ட ஒரு பின்னேரம், பக்கத்து வளவில் யாரோ நாதஸ்வரத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருக்க, ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, அவள் ரீச்சரின் வலக்கையைக் கீறத் தொடங்கினாள். விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தபடி வந்தன. அழித்துவிட்டு மறுபடி கீறினாள். அப்படியே வந்தன. அப்போதுதான் அந்த விரல்கள் எதைப் பிடித்திருக்கின்றன என்று விளங்கியது.

அருந்ததி பிறப்பில் இடக்கைக்காரி. ஒரு தவணை, மூன்று மாதம் முழுவதும் ரீச்சர் அந்த இடக்கையைப் பள்ளிக் கழுத்துப்பட்டியால் கதிரையோடு கட்டி வைத்தார். அவிழ்த்த நேரமெல்லாம் கோடு போடுகிற அடிமட்டத்தின் விளிம்பால் அந்த விரல்களில் அடி. "சரஸ்வதிக்கு இடக்கையாலையோ பூப் போடுவாய், மூதேவி?" அம்மாவும் ரீச்சரின் பக்கம்தான் நின்றாள். வலக்கையால் எழுதிப் பரிசு வாங்கிய அன்று அருந்ததி ரீச்சரின் காலில் விழுந்து கும்பிட்டாள். அடித்தவளின் காலில்! இருபத்தைந்து வருடமாக அதற்கு நன்றி வேறு சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பற்றி எரிந்தது. தூரிகையை எறிந்துவிட்டு எழுந்தாள்.

அவளுடைய மகள் சாருஜாவும் இடக்கைக்காரிதான். ஒன்பது வயது. ஒருத்தரையும் இந்தக் கையில் தொட விடமாட்டேன் என்று, அவள் முதன்முதல் பென்சில் பிடித்த அன்றே அருந்ததி சத்தியம் செய்திருந்தாள்.

பிள்ளை உள்ளே வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வலக்கையால். எழுத்துகள் நடுங்கி விழுந்தன. இடக்கை தொடைக்குக் கீழே ஒளிந்திருந்தது.

"ஏன் பிள்ளை வலக்கையாலை எழுதுறாய்?"

அருந்ததி ஒளிந்திருந்த இடக்கையை இழுத்து எடுத்தாள். விரல் மொழியெல்லாம், மூட்டு மூட்டாக, வீங்கி நீலம் பாரித்திருந்தது.

"ஆர் அடிச்சது? சொல்லு! நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்து அவவின்ரை கையை முறிப்பன்."

சாருஜா சுவரோடு ஒதுங்கினாள். "நீங்கள்தான் அம்மா."

"நானோ? எப்ப?"

"ஒவ்வொரு பின்னேரமும். அந்தச் சேலையோடை."

நாதஸ்வரம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. அருந்ததிக்கு ஒன்றும் நினைவில் இல்லை. படம் கீறியது நினைவிருந்தது. வெளிச்சம் போனது நினைவிருந்தது. இடையில் ஒன்றுமே இல்லை.

படத்தைச் சட்டத்தோடு பிய்த்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். சேலை. மூக்குக்கண்ணாடி. அடையாள அட்டைப் படம். மேலே மண்ணெண்ணெய். தீ பிடித்ததும் வர்ணம் கொப்பளித்தது. வாய் முதலில் போனது. பிறகு கண்கள்.

"போடி" என்று அவள் தீக்குள் துப்பினாள். "என்னோடை முடிஞ்சுது. என்ரை பிள்ளையைத் தொடாதை."

சாம்பலாகும் வரை நின்றாள். உடம்பு லேசாகியிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. சொல்லவேண்டியது முழுவதும் அவள் நாவில் தயாராக இருந்தது. என்ரை குஞ்சு, இனி ஒருத்தரும் உன்னை அடிக்க மாட்டினம், இடக்கையாலையே எழுது.

உள்ளே போனாள். பிள்ளைக்கு எதிரே கதிரையில் இருந்தாள். வாயைத் திறந்தாள்.

"கையை வை."

தாழ்ந்த குரல். அவசரமில்லாத குரல்.

சாருஜா எழுந்து நின்றாள். அழவில்லை. இடக்கையை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கண்களை இறுக்கி மூடினாள்.

"ஓம், ரீச்சர்."

வேண்டாம். வேண்டாம். அருந்ததி உள்ளுக்குள் கத்தினாள். உதடு அசையவில்லை. வலக்கை பிள்ளையின் பென்சில் பெட்டிக்குள் போய் அடிமட்டத்தை எடுத்தது. தட்டையாகப் பிடிக்கவில்லை. விளிம்பை விரல் மொழிகளுக்கு நேரே திருப்பிப் பிடித்தது.