உள்பக்க ஈரம்

புதுப் பெட்டி சில்லென்று இருந்தது. முக்கால் மணி நேரமாக அதற்குள் நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கை பொறுக்கிற சூடாவது இருந்தாக வேண்டும். ஆன்ட்ரூஸ் அதன் உலோக முதுகில் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். விரல்களில் ஈரம் ஒட்டியது. ஏசி காற்று நேராகப் படுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேட்டியில் கையைத் துடைத்தார்.

கடியப்பட்டணத்தில் அலைக்கு இருநூறு அடியில் வீடு கட்டியவர்களுக்கெல்லாம் ஒரே எதிரி உப்புக்காற்று. ஜன்னல் கம்பி முதல் கேமரா திருகாணி வரை அது தின்னாதது கிடையாது. அதற்காகவே ஆன்ட்ரூஸ் மாடி அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார். கதவைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் பட்டை, நடுவில் கையகலக் கண்ணாடி, குரல் பதிவுக்காகச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. செல்போனுக்குச் சிக்னலும் வராது. அவர் இல்லாதபோது யாரும் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது, வெளித்தாழ்ப்பாள் போடாமல் கிடந்தால் போட்டுவிட வேண்டும். பத்துக் கட்டளைகளுக்கு அடுத்து இது பதினொன்றாவது என்று மனைவி லிஜா கேலி செய்வாள்.

அங்கேதான் அவருடைய சர்வர் இருந்தது. இருபது வருடமாக அவர் வீடியோ எடுத்த கல்யாணம், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, சாவு எல்லாம் அதற்குள். சாவுதான் அதிகம். இந்தக் கரையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் குவைத்திலும் மஸ்கட்டிலும் கிடக்கிறார்கள். பெற்றவர்களின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது ஆன்ட்ரூஸின் நேரலையில்தான். சர்வர் நிரம்பிவிட்டது, அதனால் பக்கத்தில் இன்னொரு டிஸ்க் பெட்டியை வைத்துக் கேபிளில் கோத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார். அது பாதி உண்மை. வேண்டியதையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் பழைய டிஸ்க்குகளை அடியோடு அழிக்கப்போகிறார். அப்போது, மாற்றாமல் விட்ட ஒரே ஒரு பதினொரு நிமிடக் கோப்பும் சேர்ந்து போய்விடும்.

போன வருடம் ததேயு அண்ணன் காலையில் இறந்து, மாலை நான்கு மணிக்கு அடக்கம். மகன் ஜான்ரோஸுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. கடற்கரை ஈரத்துக்கு ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்துக்கொண்டே இருக்கும்; முகம் கேமராவில் தெரிவதற்காக ஒருவர் துண்டோடு நின்று துடைப்பது வழக்கம். அன்று துடைத்தவர் ததேயுவின் மைத்துனர் செல்வதாஸ். துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "போவ மாட்டேங்குதே" என்றார். ஆன்ட்ரூஸ் கேமராவில் உற்றுப் பார்த்தார். மூக்குக்கு நேராக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெண்மை. உள்பக்கத்தில். அதற்குள் சாமியார் வந்துவிட்டார், கோயில் மணியும் அடித்துவிட்டது. அத்தனை கூட்டத்தில் வாயைத் திறந்து, ஊர் சிரிக்க நிற்க ஆன்ட்ரூஸுக்குத் தைரியம் வரவில்லை.

"வெறும் குளிரு ஈரம் மக்கா. விடு" என்றார்.

ஒன்பதாம் நாள் எடிட் செய்ய உட்கார்ந்தபோதுதான் முழுதாகப் பார்த்தார். வெண்மை விரிந்தது, சுருங்கியது. பதினொரு நிமிடமும் விரிந்து விரிந்து சுருங்கியது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார். அழிக்க மட்டும் கை வரவில்லை. நேற்று ஜான்ரோஸ் போன் செய்தான். அப்பாவின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வருகிறானாம். "அண்ணே, அப்பாக்க வீடியோ முழுசும் வேணும். ஒண்ணும் வெட்டப்பிடாது, கேட்டியளா?" அவன் குரலில் மரியாதை இருந்தது. சந்தேகமும் இருந்தது. இரவெல்லாம் ஆன்ட்ரூஸ் தூங்கவில்லை.

இன்று தேர்பவனி. லிஜா மதியமே மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே வருகிறேன் என்று இவர் தங்கிவிட்டார். மூன்றரை மணி. வெளியே நல்ல வெயில். பயப்பட ஒன்றுமில்லை.

திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்தன. புதுப் பெட்டியின் விசிறி ஒரே சுருதியில் முனக, இந்த முனகலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவர் காது அதையே பற்றிக்கொண்டிருக்க, ரோஜா மாலையும் சாம்பிராணியும் பன்னீரும் கலந்த வாசனை எங்கிருந்தோ கிளம்பிப் பஞ்சுப் பலகைகளில் மெல்லப் படிந்தது. சாவு வீடுகளில் இருபது வருடம் பக்கத்திலேயே நின்று கேட்ட சத்தம். ஃப்ரீசர் பெட்டியின் சத்தம். பிடிபட்டதும் ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தார். குளிர் குறையவில்லை. அது பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அடுத்த பெயர் ஏறியது. ததேயு.

அவர் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்த பெயர். நிறுத்த அழுத்தினார். நிற்கவில்லை. கேபிளைப் பிடுங்கி எறிந்தார். பிடுங்கிய பிறகும் கோப்பு ஏறிக்கொண்டே இருந்தது.

வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடிப்போய்க் கதவுப் பிடியைத் திருகினார். பிடி கையோடு வந்துவிட்டது. மேலே பளபளவென்று இருந்தது. உள்ளே முழுக்கத் துரு, புட்டு மாவாய் உதிர்ந்தது. இத்தனை அடைத்தும் உப்பு உள்ளே வந்திருக்கிறது. தோளால் இடித்தார். காலால் உதைத்தார். ரப்பர் பட்டை கதவை விடவில்லை. போனில் ஒரு கோடுகூட இல்லை. கத்தினார். பஞ்சு அதைத் தின்றது.

பின்னால் வீடியோ தானாக ஓடத் தொடங்கியது.

ததேயு அண்ணன் முகம் இருக்கும் என்று நினைத்துத் திரும்பினார். முகம் இல்லை. கண்ணாடி மட்டும். கையகலச் சதுரம். கறுப்பு ரப்பர் பட்டை. அவருடைய கதவேதான். மாடிப்படிப் பக்கம் நின்று யாரோ கை நடுங்காமல் படம் பிடிக்கிறார்கள். கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் அகல வெண்மை.

விரிந்தது. சுருங்கியது.

ஆன்ட்ரூஸ் மூச்சை அடக்கினார். வெண்மை நின்றது. மூச்சை விட்டார். விரிந்தது.

கதவுக்கு ஓடிக் கண்ணாடி வழியே பார்த்தார். வெளியே யாரும் இல்லை. இந்தப் பக்கம் கண்ணாடி துளி ஈரமில்லாமல் சுத்தமாக இருந்தது. காற்று போதவில்லை.

அப்போது படியேறி லிஜா வந்தாள். பட்டுச் சேலை, தலையில் பிச்சிப்பூ. தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தார். லிஜா நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கண். அவள் பார்வை எதிலும் படவில்லை. முந்தானையைச் சுருட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

அவளுடைய குரல் அவர் முதுகுக்குப் பின்னால், ஸ்பீக்கரில் கேட்டது.

"போவ மாட்டேங்குதே."

அதே ஸ்பீக்கரில், கீழேயிருந்து மகள் பெபிஷாவின் குரல். "அம்மா, அப்பா உள்ளயா இருக்காரு?"

"இல்ல மக்கா. வெறும் குளிரு ஈரம்."

லிஜாவின் கண் தாழ்ப்பாளுக்கு இறங்கியது. போடாமல் கிடந்தது. வீட்டுக் கட்டளைப்படி அதை இழுத்துப் போட்டாள். அந்தச் சத்தமும் ஸ்பீக்கரில்தான் வந்தது. பிச்சிப்பூ படியிறங்கி மறைந்தது.

ஆன்ட்ரூஸ் கதவடியில் சரிந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் முடிந்திருந்தது. எட்டு மீதி. கண்ணாடியில் வெண்மை விரிந்தது. சுருங்கியது.

விரிந்தது. இந்த முறை எட்டணா அகலத்துக்குத்தான்.