ஸ்டீரியோவைத் தொட்டது யார்?

தலைமைப் பொறியாளர் காரிலிருந்து இறங்க மூன்று நிமிடம் ஆனது. ஓட்டுநர் சுற்றி வந்து கதவைத் திறக்கும்வரை பின்சீட்டில் அசையாமல் இருப்பது அவர் வழக்கம்.

வந்த வீட்டுக்குள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக முப்பது ஆண்டுகள் விபத்து வண்டிகளைச் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் பொய்யைக் கண்டுபிடிக்க அவரிடம்தான் வந்தார்கள். அவருடைய கொழுந்தனார், ஐம்பது வயதுக்காரர், தன்னை அண்ணியின் உதவியாளராகத் தானே நியமித்துக்கொண்டவர். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அதில் இதுவரை எதுவும் அகப்பட்டதில்லை.

"மேடம், என் டிரைவர் எனக்கெதிரா சதி பண்றான்," என்றார் பொறியாளர்.

"உக்காருங்க சார். என்ன சதி?"

"கார் ஸ்டீரியோவுல நான் சேமிச்சு வெக்கிற ஆறு ரேடியோ ஸ்டேஷனையும் அழிச்சிடறான்."

கொழுந்தனார் குறிப்பேட்டில் 'சதி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

கதை இதுதான். வண்டியோடு வந்த ஸ்டீரியோவில் பாட்டு விட்டு விட்டுக் கேட்டது. கம்பெனிக்காரர்கள் முழுசாக மாற்றச் சொன்னார்கள். பொறியாளர் விடவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்துத் தானே கழற்றி, தானே சரிசெய்து, அதைப் படமெடுத்துக் குடியிருப்பில் எல்லாருக்கும் அனுப்பினார். அடுத்த வாரம் 'பழுதும் நானும்' என்று அங்கே உரையாற்றவும் போகிறார்.

"மூணு வாரம் கணீர்னு பாடிச்சு மேடம். போன செவ்வாய்க்கிழமை காலையில பால்கனியிலிருந்து பாக்கறேன், இவன் உள்ள உக்காந்து பட்டன் பட்டனா அழுத்தறான். உடனே இறங்கிப் போனா, நாலு ஸ்டேஷனைக் காணோம்!"

"கையும் களவுமா!" என்று கொழுந்தனார் தொடையைத் தட்டினார்.

"இனிமே தொட்டா நடக்கறதே வேறன்னு சொன்னேன். அதுக்கப்புறம் தினமும் ஆறும் காலி. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவனை வேலைய விட்டு அனுப்பறேன். கடிதம் பையில இருக்கு. அவன்தான்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் எந்த வீட்டுலயும் அவனை நம்பிச் சாவி குடுக்க மாட்டாங்க."

அம்மாள் கடைசித் துண்டை மடித்து வைத்தார். "வண்டியப் பாக்கலாமா?"

வண்டி வாசலில் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர், நரைத்த மீசைக்காரர், ஒதுங்கி நின்றார்.

"அணைக்கலையா?"

"நான் ஏறும்போது உள்ள ஜில்லுனு இருக்கணும் மேடம். இறங்கின அப்புறமும் ஓடிட்டுதான் இருக்கும்."

கொழுந்தனார் பூதக்கண்ணாடியோடு முன்சீட்டில் பாய்ந்தார். "அண்ணி, இங்க பாருங்க! ஸ்டீரியோ சரியா உக்காரல, ஓரத்துல விரல் நுழையற இடைவெளி. யாரோ நெம்பியிருக்காங்க! கடிகாரத்தையும் கெடுத்திருக்காங்க. பத்தே முக்கால்தான் ஆகுது, இது பன்னெண்டு இருபத்தஞ்சுன்னு காட்டுது."

அம்மாள் ஓட்டுநரைக் கேட்டார்: "வீட்டுல எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?"

"பத்து இருபதுக்கும்மா."

அம்மாள் தலையாட்டினார். "சார், ஒரு உதவி. நீங்க டிரைவர் சீட்டுல உக்காருங்க."

"நானா?"

பொறியாளர் உட்கார்ந்தார். சாவி எந்தப் பக்கம் என்று தேடினார். கொழுந்தனார் காட்டினார்.

"ஆறு ஸ்டேஷனையும் நீங்களே சேமிங்க. ஆச்சா? இப்ப அணைங்க. மறுபடி போடுங்க."

ஸ்டீரியோ கண்விழித்தது. மணி பன்னிரண்டு என்றது. ஆறு இடமும் காலி.

பொறியாளர் திரும்பிப் பார்த்தார். ஓட்டுநர் பத்தடி தள்ளி நின்றிருந்தார்.

"அவர் ரிமோட் ஏதாவது..." என்று ஆரம்பித்த கொழுந்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஸ்டீரியோவுக்கு ரெண்டு கரண்ட் வயர் வரும் சார்," என்றார் அம்மாள் அமைதியாக. "ஒண்ணுல எப்பவும் கரண்ட் இருக்கும். நேரமும் ஸ்டேஷனும் ஞாபகம் இருக்கறது அதனாலதான். இன்னொண்ணு சாவி போட்டாத்தான் உயிர் பெறும். நீங்க அதுங்களை இடம் மாத்தி இணைச்சிருக்கீங்க. சாவி அணைஞ்சா ஞாபகம் போயிடும், போட்டா மணி பன்னெண்டுலேருந்து பிறக்கும். பத்து இருபதுக்குப் போட்டது பத்தே முக்காலுக்கு இருபத்தஞ்சு நிமிஷமாச்சு."

"வீடியோவுல சொன்ன கலர்படிதான் இணைச்சேன்!"

"அது வேற கார். உங்க கார்ல கலர் தலைகீழ். பிளக்கை அப்படியே திரும்பச் சொருகியிருந்தா கலரே பாக்க வேண்டாம். பிளக்கோட லாக் எங்கன்னு தெரியாம அதை வெட்டிட்டீங்க, இல்லையா? வெட்டின வயரையெல்லாம் டேப் சுத்தி முடிச்சு முடிச்சா உள்ள திணிச்சதாலதான் ஸ்டீரியோ வெளிய தள்ளிட்டு நிக்குது."

பொறியாளர் ஸ்டீரியோவை உள்ளே அழுத்திப் பார்த்தார். பிறகு, "அப்ப மூணு வாரம் ஒழுங்கா இருந்துச்சே?" என்றார்.

"அதுதான் எனக்கு முதல்லயே உறுத்துச்சு. அவர் தொட்டவரைக்கும் ஸ்டேஷன் இருந்திருக்கு. தொடாதேன்னு சொன்னப்புறம் தினமும் காணோம். தொடறவர் அழிக்கிறவரா இருந்தா இது நேர்மாறா இல்ல இருக்கணும்? ஒவ்வொரு தடவை வண்டி போடும்போதும், நீங்க ஏறறதுக்குள்ள அவர் ஆறையும் மறுபடி சேமிச்சு வெச்சிருக்கார். நீங்க பால்கனியிலிருந்து பாத்தது அழிக்கறதை இல்ல சார். அன்னிக்கு ரெண்டு சேமிச்சு முடிச்சிருந்தார். மிச்சம் நாலையும் சேமிக்கறதுக்குள்ள நீங்க இறங்கி வந்துட்டீங்க. சாவி திருப்பறதை நீங்க ஒருநாளாவது பாத்திருந்தா, முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

பொறியாளர் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, ஐயா வேலை சரியில்லன்னு சொன்ன மாதிரி ஆயிடுமேங்க," என்றார் ஓட்டுநர். "பதினோரு வருஷத்துல அப்படிச் சொன்ன யாரும் மறுநாள் நம்ம வீட்டுப் பக்கம் வந்து நான் பாத்ததில்ல."

கொழுந்தனார் குறிப்பேட்டில் 'சதி'யை அடித்தார்.

பொறியாளர் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். யாரும் ஒன்றும் சொல்லாததால் நான்காகவும் கிழித்தார். பிறகு தொண்டையைச் செருமி, "சரி, ரெண்டு வயர்தானே? நானே மாத்திடறேன். கட்டிங் பிளேயர் எங்க?" என்றார்.

அம்மாள் கொண்டுவந்து நீட்டினார். பொறியாளரின் கை அதைத் தொடுமுன் ஓட்டுநரின் கை வாங்கிக்கொண்டது.

"நான் பாக்கறேங்கய்யா. முதல்ல அணைச்சு பேட்டரி வயரைக் கழட்டணும். அன்னிக்குக் கழட்டினீங்களா?"

பொறியாளர் தானே கதவைத் திறந்து இறங்கினார். ஓட்டுநர் வண்டியை அணைத்து, பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வந்து, ஸ்டீரியோவை வெளியே இழுத்தார். கறுப்பு டேப் முடிச்சுகள் கொத்தாகத் தொங்கின. அவர் ஒரு கணம் அதையும், தன் முதலாளியையும் பார்த்தார். பிறகு டார்ச்சை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதைப் பிடிங்கய்யா. கீழ காட்டுங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆட்டாதீங்க."

தலைமைப் பொறியாளர் ஆட்டவில்லை.